வீடு உயர்ந்த குற்றம்

சிங்காரவேல் குடியிருந்த வீட்டைச் சுற்றிப் போட்டிருந்த காங்கிரீட் பாளங்கள் இறங்கத் தொடங்கியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெய்வேலியில் வேலை பார்க்கிறவருக்கு மண் என்பது கீழே போகிற பொருள்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று மண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூமியில் ஒரு பகுதி தினமும் இடம் மாறிப் போவது அவருக்குச் சோறு போடுகிற காட்சி. அதே காட்சி தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் தெரிந்தபோது, ஏதோ ஓவர்டைம் போல என்று நினைத்துக்கொண்டார்.

தானே புயல் நகரியத்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அந்த ஐப்பசியில் சமையலறைப் பின்வாசலை ஒட்டிய பாளம் ஒரு சாண் இறங்கியது. கார்த்திகையில் அதற்கடுத்த பாளம் ஒருபக்கமாகச் சரிந்தது. மழைத் தண்ணீர் தெருப்பக்கம் ஓடுவதற்குப் பதில் வீட்டுச் சுவரை நோக்கி ஓடிவந்தது. வந்த தண்ணீர் சுவரடியில் ஒரு விரிசலுக்குள் நுழைந்து காணாமல் போனது. எவ்வளவு பெய்தாலும் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. அவர் மனைவி சரிதாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. தண்ணீர் நின்றால் கொசு வரும் என்று திட்டலாம், நிற்காமல் எங்கேதான் போகிறது என்று அவள் கேட்டாள். சிங்காரவேல் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

மகள் இளவேனிலை நெல்லிக்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வந்த இரண்டாம் நாள், துணி காயப்போடப் பின்வாசலில் கால் வைத்தவள், தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லாததால் முன்னே சாய்ந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. வளையல்கள் மட்டும் சில உடைந்தன. உடைந்த துண்டுகள் பாளத்தில் உருண்டு, அந்த விரிசலுக்குள் போயின. மூவரும் நின்று பார்த்தார்கள். மறுநாள் காலையில் சிங்காரவேல் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் முழுப்பெயர் குடியிருப்புத் தள மேன்மை வாரியம். ஒரு காலத்தில் ஒழுகுகிற குழாயை மாற்றவும் பெயர்ந்த தரையைப் பூசவும் இரண்டு கொத்தனாரும் ஒரு மேஸ்திரியும் உட்கார்ந்திருந்த அறை அது. பிறகு மேஸ்திரிக்கு மேல் ஓர் அதிகாரி வந்தார். அவருக்கு மேல் இன்னொருவர் வந்தார். இப்போது மாடிக் கட்டடம், சுற்றிலும் மதில், அறைதோறும் அதிகாரி. கொத்தனார்தான் ஒருவரும் இல்லை. முற்றம் முழுக்கப் பூந்தொட்டிகள். காங்கிரீட் தரை எங்கெல்லாம் உள்வாங்கியிருந்ததோ அங்கெல்லாம் ஒரு தொட்டியை வைத்து மறைத்திருந்தார்கள். மறைத்து மறைத்து அது நந்தவனம் போலாகிவிட்டது. வருகிறவர்கள் நடந்துபோக நடுவே ஒரு மரப்பலகை போட்டிருந்தது. அதன்மேல் அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக, பேசாமல், கீழே பார்க்காமல் நடந்து போவார்கள்.

சிங்காரவேலின் புகாரைக் கேட்டுக்கொண்டவன் இளவழகன். உதவிப் பொறியாளர். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை என்பது, அவன் வந்தவரை உட்காரச் சொன்னதிலேயே தெரிந்தது.

"எங்க வூட்டைச் சுத்திப் போட்ட ஸ்லாபு எறங்கிடுச்சிங்க."

இளவழகன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. சரி, எதைவிட இறங்கிச்சு?"

"வூட்டைவிடங்க."

"அப்ப வீடு ஏறியிருக்கலாம் இல்லையா?"

சிங்காரவேல் சிரித்தார். இளவழகன் சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் விவரம் சொன்னான். வாரியத்தின் முன்னாள் தலைவர் ஒருவர், ஏதோ ஒரு கருத்தரங்கில் பேசும்போது, இந்த வாரியத்தின் எல்லைக்குள் எந்தத் தளமும் இறங்காது என்று அறிவித்திருந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் இப்போது இன்னும் பெரிய இடத்தில் இருக்கிறார். அன்றிலிருந்து எந்தத் தளமும் இறங்கவில்லை. ஆகவே பாளத்துக்கும் வீட்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருக்கிறதென்றால், வீடு ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் வீட்டை வாரியத்தின் அனுமதி இல்லாமல் உயர்த்துவது குற்றம்.

"நான் என்னாத்துக்குங்க வூட்டைத் தூக்கப் போறேன்?" என்றார் சிங்காரவேல்.

"அதைத்தான் விசாரிப்பாங்க," என்றான் இளவழகன், வருத்தத்தோடு.

விசாரிக்க வந்தவர் கண்காணிப்புப் பொறியாளர் அறவாழி. வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, இதமான குரல். அவரோடு ஒரு கும்பல் வந்து, முக்காலி நட்டு, மட்டக் கருவி வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தது. வீடு உயர்ந்திருப்பது சந்தேகமில்லாமல் நிரூபணமானது. ஒருவரும் பின்பக்கப் பாளத்தின்மேல் ஏறவில்லை. அளவுகோலைக்கூட ஒரு நீண்ட கழியில் கட்டித் தூரத்திலிருந்தே நீட்டினார்கள். அதற்குக் காரணம் கேட்ட சரிதாவிடம், அது மரபு என்று சொன்னார்கள்.

அறவாழி முன்னறையில் உட்கார்ந்து சரிதா கொடுத்த காப்பியைக் குடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற சிங்காரவேலைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது. மனதைத் திறந்து பேசினார்.

"சிங்காரவேல், நாங்க உங்களுக்கு எதிரி இல்ல. புரிஞ்சுக்கணும். ஒரு தளம் இறங்கினா அதுக்கு அடியில என்ன இருக்குன்னு கேக்கணும். கேட்டா பாக்கணும். பாத்தா சொல்லணும். சொன்னா அதுக்கு யாராவது பொறுப்பாகணும். எவ்வளவு பேருக்குத் தொல்லை பாருங்க. வீடு ஏறிச்சுன்னா அந்தத் தொல்லையே இல்ல. பொறுப்பு நீங்க ஒருத்தர்தான்."

சொல்லிவிட்டு, காப்பி நன்றாக இருந்ததாகச் சரிதாவிடம் பாராட்டினார். ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. அனுமதியின்றி உயர்த்தப்பட்ட வீட்டைச் சிங்காரவேல் தம் சொந்தப் பொறுப்பில் பழைய மட்டத்துக்கு இறக்கி வைக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை. ஒரு வீட்டை எப்படி இறக்குவது என்று பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தார். கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எந்த பிளாக் என்று கேட்டார். சிங்காரவேல் சொன்னதும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழி சொன்னவர் அடுத்த வீட்டுத் தங்கராசு. பவர் ஹவுஸில் வேலை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் காரியத்தை முடித்துக்கொண்டு வருகிறவர் என்று பிளாக்கில் பெயர். அவர் வீட்டைச் சுற்றியும் பாளங்கள் இறங்கித்தான் இருந்தன. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"நீ போயி எறங்கிடுச்சின்னு நின்னுகினு இருந்தா எவன் கேப்பான்? மேல தூக்கி அழகு பண்ணிக் குடுங்கன்னு கேளு. கொறை சொல்லாத, ஆசை சொல்லு," என்றார்.

சிங்காரவேல் ஆசை சொன்னார். வாரியம் மகிழ்ந்தது. தள உயர்வுத் திட்டம் என்று ஒன்று வெகுகாலமாகப் பெயர்ப்பலகையோடு காத்திருந்தது. அதற்கு ஆள்தான் கிடைக்காமல் இருந்தது. இறங்காத தளத்தை உயர்த்தித் தரும்படி கேட்க யார் வருவார்கள்? இப்போது ஒருவர் வந்துவிட்டார். வீட்டை உயர்த்திய குற்றம் மன்னிக்கப்பட்டது. சிங்காரவேல் திட்டத்தின் முதல் பயனாளி ஆனார். பயனாளி என்று ஒரு வில்லையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். அறவாழி அவரைக் கட்டிப்பிடித்து, இனி நீங்கள் எங்கள் குடும்பம் என்றார். அந்தக் குடும்பத்தில் தனக்கு என்ன இடம் என்று சிங்காரவேலுக்கு அப்போது தெரியவில்லை.

தை பிறந்ததும் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி செல்வகுமார் என்பவன். வேலை இப்படி: பாளத்தில் ஆங்காங்கே துளை போட்டு, சிமெண்டும் சாம்பலும் கரைத்த குழம்பை பம்பு வைத்து அழுத்தமாக உள்ளே செலுத்துவார்கள். குழம்பு அடியில் பரவி, வெற்றிடத்தை நிரப்பி, போக இடமில்லாமல் மேலே தள்ளும். பாளம் பூப்போல எழும்பும். வடலூரில் ஒரு ஜவுளிக்கடை வாசலை ஒரே காலைப் பொழுதில் தூக்கிக் கொடுத்ததைச் செல்வகுமார் பெருமையோடு சொன்னான். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றான்.

துளை போட்டார்கள். பம்பு ஓடியது. ஒரு லாரிக் குழம்பு உள்ளே போனது. பாளம் அசையவில்லை. இன்னொரு லாரி வந்தது. அதுவும் போனது. மதியம் தாண்டியது. செல்வகுமார் பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, துளையில் காதை வைத்துக் கேட்டான். எழுந்தபோது அவன் முகத்தில் அந்தப் பெருமை இல்லை.

"குடிச்சிகினே இருக்குதுங்க," என்றான்.

ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் துளைக்குள் விட்டான். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கையிலிருந்தது தீர்ந்ததும் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து முடிபோட்டு விட்டார்கள். அதுவும் தீர்ந்தது. கல் எதன்மேலும் படவில்லை. செல்வகுமார் கயிற்றை மெல்ல இழுத்தான். கல் ஈரமில்லாமல், மண் ஒட்டாமல், போன மாதிரியே வந்தது. பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளவேனில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இளவழகன் வந்து பார்த்தான். அறவாழிக்குப் போன் போட்டான். போனில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. கயிறு விடச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். தளத்தைத் தூக்குவதுதான் திட்டம், பூமியை நிரப்புவது திட்டத்தில் இல்லை என்றார். அன்று மாலை வாரியத்திலிருந்து ஜீப்பில் ஓர் ஊழியர் வந்து அந்தக் கயிற்றைக் கைப்பற்றிக்கொண்டு போனார். கல்லை என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லியனுப்பவில்லை. ஆகையால் தயங்கி நின்று, அதையும் எடுத்துக்கொண்டு போனார். துணிக்கொடியைத் திருப்பித் தரும்படி சரிதா இரண்டு முறை ஆள் அனுப்பினாள். கொடி விசாரணையில் இருப்பதாகப் பதில் வந்தது.

புதிய வழி ஒன்றை அறவாழியே கண்டுபிடித்தார். வீட்டின் அஸ்திவாரத்தில் துளை போட்டு இரும்புச் சட்டங்களைச் செருகினார்கள். சட்டங்களை வெளியே நீட்டி, பாளங்களை நெம்பித் தூக்கி, அவற்றின்மேல் உட்காரவைத்தார்கள். அலமாரியில் பலகை உட்கார்ந்திருப்பதைப்போல வீட்டின் நாலு பக்கமும் காங்கிரீட் பாளங்கள் அந்தரத்தில் உட்கார்ந்தன. துளைகளைச் சிமெண்டு வைத்து அடைத்து, ஓரம் பூசி, சிவப்புச் சாயம் அடித்தார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. இதுவரை தளம் வீட்டைத் தாங்கியது, இனி வீடு தளத்தைத் தாங்கட்டும் என்று அறவாழி விளக்கினார். இதற்குத் தன்னிறைவு முறை என்று பெயரும் வைத்தார். வேலை முடிந்த அன்று செல்வகுமார் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினான். போகும்போது சிங்காரவேலின் கண்ணைப் பார்க்கவில்லை.

வீடு அதன் பிறகு ஒலி எழுப்பத் தொடங்கியது. பெரிய ஒலி ஒன்றும் இல்லை. வயதானவர் உட்காரும்போது முட்டியில் வருமே, அப்படி ஒரு சின்ன ஒலி. சமையலறை அலமாரிக் கதவு தானே திறந்துகொண்டது. மூடினால் மறுபடி திறந்தது. முன்கதவு ஒருநாள் சாத்த வரவில்லை. மறுநாள் திறக்க வரவில்லை. இளவேனில் சுவர்ப்பக்கம் படுப்பதை விட்டுவிட்டு முன்னறையில் வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். சிங்காரவேல் வாரியத்துக்குப் போய்ச் சொன்னார். உயர்ந்த தளத்துக்கு வீடு பழகிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

திட்டத்தின் திறப்பு விழாவுக்கு வாரியத்தின் இயக்குநரே வந்தார். தெருவில் மேடை போட்டு, சாமியானா கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். மேடை, பாளங்களிலிருந்து போதுமான தூரத்தில் இருந்தது. தங்கராசு முதல் வரிசையில் புதுச்சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவரையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, அதுவரைக்கும் தள நண்பர் என்று ஒரு வில்லை கொடுத்திருந்தார்கள்.

இயக்குநர் நீண்ட நேரம் பேசினார். "நாம் ஆழமாகப் பார்ப்பவர்கள் அல்ல. உயரமாகப் பார்ப்பவர்கள்," என்றார். கைதட்டினார்கள். "கீழே என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் யாரும் முன்னேறியதாக எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. அதனால்தான் இங்கே நிற்கிறேன்." அதற்கும் கைதட்டினார்கள். "உயர்த்துவது வாரியத்தின் கடமை. உயர்த்திய இடத்தில் நிற்பது மக்களின் கடமை. இப்போது பயனாளியின் குடும்பம் தளத்தின்மேல் ஏறி நிற்கும். நாம் இங்கிருந்து கண்டு மகிழ்வோம்."

நிறைமாதக்காரி ஒருத்தி நின்றால் படம் இன்னும் மங்களகரமாக இருக்கும் என்று அறவாழிக்குத் தோன்றியது. அவர் இளவேனிலைக் கைகாட்டி, அந்தப் பொண்ணு நடுவில் நிற்கட்டும் என்றார். இளவேனில் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டையில் வில்லை குத்தியிருந்தது. நாலு பேருக்கு நடுவே பெரிய அதிகாரியை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கால் மட்டும் தானாக நகர்ந்து மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

சரிதாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க மொதல்ல ஏறி நில்லுங்க சார். நாங்க பின்னால வரோம்."

ஒலிபெருக்கி உறுமிக்கொண்டிருந்தது. இயக்குநர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறவாழி தம் செருப்பைப் பார்த்தார். மேடையில் இருந்த ஒவ்வொருவரும் தமக்குக் கீழே இருப்பவரைப் பார்க்க, அந்தப் பார்வை படிப்படியாக இறங்கி, மேடைக்கு வெளியே பூமாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இளவழகனிடம் வந்து சேர்ந்தது. அவனுக்குக் கீழே யாரும் இல்லை.

அவன் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு நடந்தான். செருப்பைக் கழற்றினான். பாளத்தின்மேல் ஒரு காலை வைத்தான். பிறகு மறு காலை. நடுவில் போய் நின்றான். பாளம் தாங்கியது. படம் பிடித்தார்கள். தேசிய கீதம் பாடி, இனிப்பு கொடுத்து, கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இளவழகன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. சிங்காரவேல் ஓரத்தில் நின்று கையை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வந்தான்.

"கால் வழியா தெரியுதுண்ணே," என்றான். "கீழ ஒண்ணுமே இல்ல. பொண்ண இங்க வச்சிருக்காதீங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் சரிதாவின் தம்பி அய்யனார் வடலூரிலிருந்து வண்டி கொண்டுவந்தான். கட்டில், பாத்திரம், துணிமணி என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே அவன் வீட்டு மாடியில் ஓர் அறை. அடுத்த வாரமே இளவேனிலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிங்காரவேல் பேத்தியைக் கையில் வாங்கியபோது, தரையில் அழுத்தமாகக் கால் ஊன்றி நின்றுகொண்டார். யாரும் சொல்லாமலே அப்படி ஒரு பழக்கம் அவருக்கு வந்திருந்தது.

வாரியத்துக்குக் கோபம் வந்தது. பயனாளி இல்லாமல் பயன் எப்படி இருக்கும்? குடும்பம் வந்து தங்காவிட்டால் குவார்ட்டர்ஸ் ரத்து, அதற்குமேல் திட்டத்தை அவமதித்ததாக நடவடிக்கை என்று ஆள் வந்து சொன்னார். அறவாழியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, குழந்தைக்குப் பேர் வைக்கும்வரை தாம் ஒருவர் மட்டும் வந்து இருப்பதாகச் சிங்காரவேல் அனுமதி வாங்கினார். தினமும் ஷிப்டு முடிந்து வந்து, முன்வாசற்படியில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை பயனாளியாக இருந்துவிட்டு வடலூருக்குப் பஸ் ஏறுவார். அவர் வருகிறாரா என்று பார்த்துச் சொல்வது தள நண்பரின் வேலை. தங்கராசு தம் வீட்டு ஜன்னலிலிருந்து கடமை தவறாமல் பார்த்தார். சிங்காரவேல் இருமினால்கூட எட்டிப் பார்த்தார்.

மாசிக் கடைசியில் ஒரு பிற்பகல், பருவம் தப்பி மழை பெய்தது. பெரிய மழை இல்லை. சிங்காரவேல் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். உள்ளே அலமாரிக் கதவு திறந்துகொண்டது. அதை அவர் கவனிக்கவில்லை. பிறகு வீட்டுக்கு அடியிலிருந்து, யாரோ வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அவர் உட்கார்ந்திருந்த படி பின்பக்கமாகச் சாய்ந்தது. எழுந்து ஓடினார். தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது வீடு இடிந்திருக்கவில்லை. ஓர் ஓடு உடையவில்லை, ஒரு சுவர் விழவில்லை. நாலு பக்கப் பாளங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீடு அப்படியே கீழே போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் போனது. ஜன்னல் போனது, ஜன்னல் மேலே இருந்த சன்ஷேடு போனது. கூரை தரைக்குச் சமமாக வந்ததும் கொஞ்ச நேரம் நின்றது. அதற்கும் கீழே இறங்கி, இருட்டில் எங்கோ உட்கார்ந்தது.

தங்கராசு ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். சிங்காரவேலின் கையில் கடலை இன்னும் இருந்தது.

மறுநாள் வாரியம் வந்தது. பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதன் ஓரத்திலிருந்து கருவி வைத்துப் பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். அறவாழி நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. வீடும் தளமும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே மட்டத்தில் இருப்பதாக அறிவித்தார். இவ்வளவு துல்லியமான வேலையைத் தம் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். புகார் முழுமையாகத் தீர்ந்துவிட்டதால், திருப்தி என்று சொல்லிவிடும்படி சிங்காரவேலைக் கேட்டுக்கொண்டார்.

"எங்க வூடு எங்க சார்?" என்றார் சிங்காரவேல்.

"கீழதான் இருக்கு, பத்திரமா," என்று ஓர் ஊழியர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அறவாழி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கும்பலின் கடைசிக்குப் போய்விட்டார். அங்கே இளவழகனைக் காணோம். விசாரித்ததில், உயர்ந்த தளங்களில் எப்படி நிற்பது என்று பயனாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பிரிவுக்கு அவனை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

சிங்காரவேலுக்குக் கோபம் வரவில்லை. குளிர்தான் வந்தது. நேற்று மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் போயிருந்தால், மகள் வடலூருக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று நினைப்பு எங்கெங்கோ போனது. அப்போது தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. இரும்புச் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. லாரி பள்ளத்தைச் சுற்றி வளைந்து, தங்கராசு வீட்டு வாசலில் நின்றது. செல்வகுமார் இறங்கினான். தங்கராசுவின் பெயர் திட்டத்தில் வந்துவிட்டிருந்தது.

சிங்காரவேல் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றி அறவாழியின் கையில் வைத்தார். நேரே தங்கராசு வீட்டுக்குள் போனார். தங்கராசு அவரைத் தடுத்து, காரியத்தைக் கெடுக்காதே, மேடைக்குச் சொல்லியாச்சு என்றார். சிங்காரவேல் அவரைத் தாண்டிப்போய், அடுக்களையில் நின்ற அவர் மனைவி சந்திராவிடம் சொன்னார்:

"புள்ளைங்கள இட்டுகினு வெளிய வந்துடும்மா. கீழ ஒண்ணுமே இல்ல."

சந்திரா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் வெகுநாளாக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவள்போல் அடுப்பை அணைத்தாள். சிங்காரவேல் அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்குப் போனார். வாழ்நாளில் பிறர் வீட்டுக் கதவை அவர் இவ்வளவு ஓங்கித் தட்டியதில்லை. வதந்தி பரப்புகிறார் என்று அறவாழி தெருவில் நின்று கத்தினார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சிலர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் சாத்தியவர்கள் உள்ளே போய்ச் சும்மா இருக்கவில்லை. பின்பக்கம் போய், பாளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்கள். பிறகு மறுபடி கதவைத் திறந்துகொண்டு, கையில் பையோடு வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்த வரிசை முழுக்கத் தெருவில் நின்றது. மெத்தை, பீரோ, சாமிப் படம், மீன்தொட்டி. கடைசியில் தங்கராசு டி.வி.யைத் தோளில் சுமந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வந்தார். ஆட்டோக்களும் குட்டி யானை வேன்களும் வடலூர்ப் பக்கமும் சேத்தியாத்தோப்புப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தன. சிங்காரவேலின் வேலைக்கு என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். அவர் ஒரு சைக்கிளில் மெத்தையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவர்மேல் போட்ட விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கிடையில் அந்த வரிசையில் இன்னும் ஐந்து வீடுகள் தத்தம் பாளங்களோடு ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. அந்த ஆண்டு இறுதியில் நடந்த விழாவில் இயக்குநர் நா தழுதழுக்க ஒரு செய்தியை அறிவித்தார். தள உயர்வுத் திட்டம் தொடங்கிய பிளாக்கிலிருந்து, கடந்த பல மாதங்களாக வாரியத்துக்கு ஒரு புகார்கூட வரவில்லை. இதே நிலையை நகரியம் முழுவதும் கொண்டுவருவதே தம் லட்சியம் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.